வெள்ளிக்கிழமைக் குழம்பு

7

சாவோ பாவ்லோவிலிருந்து சொரகாபாவுக்கு நூறு கிலோமீட்டர். அத்தனை தூரமும் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் இராசெமா பொன்ஃபாட்டியின் கொண்டை கலையவில்லை. வண்டி ஓட்டி வந்த வால்டெசிர் இதைத் தன் ஓட்டுத் திறமைக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, மணி பத்து ஐந்து. அவனுடைய வலது கால் தானாக ஆடத் தொடங்கியிருந்தது. பதினாலு வருஷம் கூரியர் பையோடு நகரத்துக் கார்களுக்கு இடையில் புகுந்து புறப்பட்டவன். நாற்பத்தொரு வயதில் துப்பறியும் உதவியாளன் ஆன பிறகும் அந்தக் கால் வேலையை விடவில்லை. இன்றைக்கு அது ஆடுவதற்கு நியாயமும் இருந்தது. மாலை நாலு மணிக்கு ஒரு பெண்ணின் பெயர் பதினோராயிரம் பேருக்கு முன்னால் தூக்கில் தொங்கப் போகிறது.

பெயர் ஜுசாரா தமாகி. முப்பத்து நாலு வயது. ஃபாரியா லிமா அவென்யூவில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் பதினான்காவது மாடியில் இருக்கும் ‘ஸெரா ப்ராவா’ என்ற முதலீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர்.

சந்தையில் இருக்கிற எல்லாப் பங்கிலும் ஒவ்வொரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஃபண்டுகள் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் கொஞ்சம். ஸெரா ப்ராவா தூங்காது. தேடும், பொறுக்கும், முகரும். அப்படி முகர்வதற்காக வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டும், லாபம் வந்தால் அதில் ஐந்தில் ஒன்றும் வாங்கிக்கொள்ளும். பணம் போட்ட பதினோராயிரம் பேரும் பெரும்பாலும் சின்ன ஊர்களின் பல் டாக்டர்கள். பிறர் வாயைத் திறக்க வைத்தே பிழைக்கிற அவர்களை, மாதம் ஒரு கடிதம் எழுதி வாய் பிளக்க வைத்தவர் நிறுவனத்தின் தலைவர் டோத்தோர் ஒத்தாவியோ சிக்கேய்ரா. (இந்த ஊரில் டோத்தோர் என்று அழைக்கப்பட மருத்துவம் படிக்க வேண்டாம். கோட்டு போட்டால் போதும்.) அவருடைய மாதக் கடிதத்தில் முதலில் ஒரு கிரேக்க ஞானி வருவார், பிறகு ஒரு ஜெர்மானிய ஞானி, கடைசிப் பக்கத்தில் நஷ்டம் வரும்.

அந்தக் கடிதங்களுக்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் ‘மனித வாசனை’ என்று ஒரு பத்தி இருந்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தெரியாதது மூக்கில் தெரியும் என்பது அவர் தத்துவம். அந்தப் பத்தியை, எழுதியவர் பெயரோடு, அப்படியே எடுத்துக் கடிதத்தில் போடுவார்.

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஜுசாரா சொரகாபாவில் இருக்கும் திந்தோலின் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனாள். அவள் பெயரில் பதிவான அறிக்கை, மூன்று உற்பத்தி வரிசையும் மூச்சு விடாமல் ஓடுகிறது, ஓவர்டைம் நடக்கிறது என்றது. ஃபண்டு பங்குகளை அள்ளியது. ஆறு வாரத்தில் திந்தோலின் கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டுக்குப் போனது. பல் டாக்டர்களின் பணத்தில் ஆறில் ஒரு பங்கு ஆவியானது.

அது தன் அறிக்கையே இல்லை என்றாள் ஜுசாரா. மூன்றில் இரண்டு வரிசையைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், யாரோ மாற்றிவிட்டார்கள் என்றாள். தன்னிடம் இருந்த நகலையும் காட்டினாள். நகலை எப்போது வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம் என்றார்கள் வக்கீல்கள். இன்று நாலு மணிக்குப் போகும் கடிதத்தில், அவள் தொழிற்சாலைக்கே போகாமல் மேஜையில் உட்கார்ந்து கதை எழுதினாள் என்று இருந்தது. அதே வாசகம் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் போகிறது. அதன் பிறகு அவளுக்கு இந்தத் தொழிலில் ஒரு நாற்காலியைத் துடைக்கும் வேலைகூடக் கிடைக்காது.

கடிதத்தின் அடியில் ‘சுயேச்சையான விசாரணையில் உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வேண்டும் என்று ஆசைப்பட்ட டோத்தோர் ஒத்தாவியோ, ஊரிலேயே மலிவான சுயேச்சையைத் தேடி இராசெமாவைப் பிடித்தார். போலீஸ் நிலையத்தில் இருபத்து மூன்று வருஷம் வாக்குமூலம் எழுதிய எழுத்தர். இப்போது எடை போட்டுச் சாப்பாடு விற்கும் ஒரு ஹோட்டலின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். கையெழுத்து போட்டால் போதும் என்றுதான் அவர் சொன்னார். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் இவளுக்கு உண்டென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம் அறுநூறு பேருக்கானது. கோர்ட்டு நியமித்த ஆட்கள் எட்டுப் பேர் ஒரு மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரி டோனா ஸுலெய்டெ அகப்பையால் வால்டெசிரின் காலைச் சுட்டிக்காட்டி, என் தரையை இடித்துவிடப் போகிறாய், உட்கார் என்றாள். அவன் உட்கார்ந்தான். மேஜை ஆடத் தொடங்கியது.

இராசெமா பையிலிருந்து அறிக்கையை எடுத்து, மனித வாசனைப் பத்தியை நிதானமாகப் படித்தாள்.

“மதிய உணவுக் கூடத்தில் ஃபெய்ஜுவாடா கொதித்துக்கொண்டிருந்தது. ஓவர்டைம் அவசரத்தில் தொழிலாளிகள் ஆரஞ்சுத் துண்டைத் தொடவும் நேரமின்றி எழுந்து ஓடினார்கள். ஒரு தேசம் தன் பசியை மீட்டுக்கொள்ளும் ஓசை அது.”

டோனா ஸுலெய்டெ அகப்பையைக் கீழே வைத்தாள். ஓசையைப் பற்றி அவளுக்குக் கருத்து இல்லை. குழம்பைப் பற்றி இருந்தது.

“இது என்னிக்கு நடந்ததாம்?”

“வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை ஃபெய்ஜுவாடாவா? இது எந்த ஊர்ல, நிலாவுலயா?”

அவள் கை காட்டிய சுவரில் ஐந்து நாள் சமையலும் எண்ணெய்ச் சாயத்தில் எழுதியிருந்தது. திங்கள் பீன்ஸ் மசியல். செவ்வாய் குடல். புதன் ஃபெய்ஜுவாடா. வியாழன் மக்ரோனி. வெள்ளி மீன். பத்தொன்பது வருஷமாக அந்தச் சுவருக்கு மறுபூச்சு தேவைப்படவில்லை. அவள் சுவரில் மட்டுமல்ல, சாவோ பாவ்லோவின் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் சேர்ந்து கொதிப்பது புதனும் சனியும்தான். நாள்காட்டியைத் தொலைத்தவன் இங்கே மூக்கை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம்.

“ரியோவுல மட்டும் வெள்ளிக்கிழமை போடுவான்,” என்றான் வால்டெசிர்.

“அவங்களுக்குக் கடல் இருக்கு, கிழமை எதுக்கு,” என்றாள் டோனா ஸுலெய்டெ.

அந்தப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா என்று இராசெமா கேட்டாள். நன்றாக இருந்தது. ஜப்பான்காரப் பெண், மீனைத் தின்றுவிட்டு முள்ளைச் சீப்பு மாதிரி வரிசையாக வைத்தவள். தினம் எத்தனை தட்டு போகிறது என்று கேட்டாளாம். அறுநூறாக இருந்தது நூற்று நாற்பது ஆகிவிட்டது என்று சொன்னதும், எழுதிக்கொண்டு, மன்னிச்சுக்கோங்க என்றாளாம். அவள் என்ன தப்பு செய்தாள் என்று மன்னிப்புக் கேட்டாளோ தெரியவில்லை, இந்தக் கம்பெனியில் கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு டோனா ஸுலெய்டெ அடுப்புக்குத் திரும்பினாள்.

வெளியே வந்ததும் வால்டெசிர் ஹெல்மெட்டை மாட்டப் போனான். வேலை முடிந்தது, அவள் வந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்பது அவன் கட்சி. இராசெமா தலையை ஆட்டினாள். வந்தாள் என்று நிரூபித்தால், வந்துவிட்டுப் பொய் எழுதினாள் என்பார்கள். வக்கீல்களுக்கு ஒரு வரியைத் திருத்த எத்தனை நிமிஷம் ஆகும்?

“அப்ப இவ்வளவு தூரம் வந்தது மீன்முள்ளைப் பாக்கவா, தலைவி?”

“வால்டெ, ஜுசாரா பிறந்தது சுசானோவுல. நம்ம ஊர்லேர்ந்து ரயில்ல ஏறினா ஒரு மணி நேரம். பொறந்ததிலேர்ந்து புதன்கிழமை ஃபெய்ஜுவாடா சாப்பிட்டவ. அவ வீட்ல உக்காந்து பொய் எழுதியிருந்தாக்கூட என்ன எழுதியிருப்பா?”

அவன் கால் ஒரு விநாடி நின்றது. “மீனுன்னு எழுதியிருப்பா.”

“இருபத்து மூணு வருஷம் பொய் கேட்டு எழுதியிருக்கேன். பொய் சொல்றவன் பேரை மறைப்பான், பொண்டாட்டியை மறைப்பான். வயித்தை மட்டும் மறைக்கத் தெரியாது. இந்தப் பத்தியை எழுதினவன் வீட்ல வெள்ளிக்கிழமைன்னா ஃபெய்ஜுவாடா.”

வால்டெசிர் அதற்குள் போனை எடுத்துவிட்டான். ஃபாரியா லிமாவில் அவன் பொட்டலம் கொடுக்காத கட்டடம் கிடையாது. ஸெரா ப்ராவாவின் வாசல் காவலாளி பழைய சிநேகிதன். மாடியில் ரியோக்காரர் யாராவது உண்டா என்று கேட்டான். ஒரே ஒருத்தர் என்றான் காவலாளி. டோத்தோர் எவரால்டோ பிட்டாங்கா, விதிமுறைகளைக் காக்கும் அதிகாரி. பிழைகளைப் பிடிப்பதற்காகவே வைத்திருப்பவர். எல்லா அறிக்கையின் சாவியும் அவர் கையில்.

“பாலுக்குப் பூனை காவல்,” என்று பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டே வால்டெசிர் வண்டியை உதைத்தான்.

திரும்பும் வழியில் அவன் ஓட்டியதைப் பற்றி மூன்று லாரி டிரைவர்கள் அவன் தாயாரை விசாரித்தார்கள். நகரத்து எல்லையில் வண்டிகள் ஆற்றோரம் அசையாமல் நின்றபோது, மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவன் இரண்டு பேருந்துகளுக்கு இடையில், இல்லாத சந்து ஒன்றில் புகுந்தான். பின்னாலிருந்த இராசெமா அதைப் பற்றி நினைத்ததை அவன் இடுப்பைப் பிடித்திருந்த விரல்கள் சொல்லின.

பதினான்காவது மாடியின் வரவேற்பறையில் எல்லா ஆண்களும் கையில்லாத பஞ்சுச் சட்டை ஒன்றைக் கோட்டுக்குப் பதிலாக அணிந்திருந்தார்கள். வெளியே முப்பத்தோரு டிகிரி. சுவரில், காடுகளைப் பிடித்த மூதாதை ஒருவரின் எண்ணெய் ஓவியம். சிக்கேய்ரா குடும்பம் நானூறு வருஷமாக சாவோ பாவ்லோவில் வேர்விட்டது என்று கீழே பித்தளைப் பட்டயம் சொன்னது. ஓவியத்துக்கு அடியில், சோபாவின் நுனியில், ஜுசாரா தமாகி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் காலையிலேயே வாங்கிவிட்டார்களாம். கழுத்தில் ‘பார்வையாளர்’ என்ற அட்டை தொங்கியது. ஏதாவது கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை. மணியை மட்டும் பார்த்தாள்.

எவரால்டோ பிட்டாங்கா பால்கனியில் சிகரெட்டோடு நின்றிருந்தார். தொப்பை தளர்ந்த, தூக்கம் தெளியாத கண்கள் கொண்ட மனிதர். ரியோக்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் சகோதரன்தான். இவருக்கும் அப்படித்தான். வால்டெசிர் தன் கண்டுபிடிப்பை, நடுவில் மூச்சு விடாமல், அவர் முகத்துக்கு நேராக வைத்தான். எவரால்டோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

“சகோதரா, நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வந்த முதல் வெள்ளிக்கிழமை ஒரு கடையில உக்காந்து ஃபெய்ஜுவாடா கேட்டேன். பரிமாறுறவன் உள்ள திரும்பி, ‘இங்க ஒருத்தர் கடல்லேர்ந்து ஒதுங்கியிருக்கார்’னு கத்தினான். கடை மொத்தமும் கை தட்டிச்சு. இன்னிக்கும் அந்தத் தெருப் பக்கம் போனா என்னை ‘வெள்ளிக்கிழமை’ன்னுதான் கூப்பிடறாங்க. அந்தத் தப்பை நான் ரெண்டாவது தடவை பண்ணுவேனா?”

வால்டெசிரின் கால் இரட்டை வேகத்தில் ஆடியது. ஒன்றேகால் ஆகியிருந்தது. இருந்த ஒரே நூலும் கையில் அறுந்து தொங்கியது.

இராசெமா பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை வரிசையாக ஜனம். வரிசைகளில் மாடிகளின் எல்லாப் பஞ்சுச் சட்டைகளும் நின்றன.

“கேலி பண்ணித் திருத்திட்டாங்க உங்களை,” என்றாள் மெதுவாக. “அப்ப நாம தேடற ஆளை யாரும் கேலி பண்ணலை. ஊர்ல ஒரு கடையிலயும் அவர் உக்காந்ததில்லை.”

அந்த நேரம் பார்த்து ஒரு பஞ்சுச் சட்டை வந்து, டோத்தோர் ஒத்தாவியோ உள்ளே சாப்பாட்டுக்கு அழைப்பதாகவும், கையெழுத்துக்கான தாள் மேஜையில் தயாராக இருப்பதாகவும் சொன்னது. இராசெமா எவரால்டோவையும் கூட வரச் சொன்னாள். விதிமுறை அதிகாரி சாட்சியாக இருப்பது விதிமுறைதானே என்றாள்.

பங்குதாரர்களின் சாப்பாட்டறை ஒரு சின்னத் தேவாலயம்போல் இருந்தது. தலைமாட்டில் டோத்தோர் ஒத்தாவியோ, நரைத்த தாடி, தழைந்த குரல். தாளின் மேல் ஒரு தங்கப் பேனா. அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது என்று தொடங்கினார். நல்ல மூளை, ஆனால் காலில் புழுதி படாத தலைமுறை. தன் மூதாதைகள் நானூறு வருஷத்துக்கு முன் கால்நடையாகவே இந்த மாநிலத்தை அளந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய வயதான சமையல்காரி ஒரு மண்சட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள்.

கறுப்பு பீன்ஸ். பன்றிக்கறி. பக்கத்தில் கீரை, வறுத்த மரவள்ளி மாவு, ஆரஞ்சுத் துண்டுகள்.

வால்டெசிரின் கால் நின்றுவிட்டது. எவரால்டோ, பால்கனியில் சிரித்த சிரிப்பின் மிச்சத்தை விழுங்கினார்.

இராசெமா சமையல்காரியிடம் வாசனையே அபாரம் என்றாள். எந்த ஊர்ப் பக்குவம் என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம். முப்பது வருஷமாக இந்த அறையில் யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“நிதெரோய் பக்குவம், டோனா. எங்கம்மா அங்க இவங்க வீட்லதான் சமைச்சா. இவரு அரைக்கால் சட்டை போட்ட நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமைன்னா இதுதான். ஒரு வெள்ளி மாறினா தட்டைத் தள்ளிடும், எங்க தாவின்யோ.”

தாவின்யோ, நானூறு வருஷத்து வேர், அசையாமல் உட்கார்ந்திருந்தது. ரியோவாக இருந்தாலும் ஒரு கௌரவம் உண்டு. நிதெரோய், ரியோவுக்கு எதிரே, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ரியோ நன்றாகத் தெரியும் என்பதுதான் அந்த ஊருக்கு ரியோக்காரர்கள் கொடுக்கும் ஒரே பாராட்டு.

இராசெமா அறிக்கையை எடுத்துத் தங்கப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு குழம்பை வைத்து யாரும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது என்றார். குரல் இன்னும் தழைவாகவே இருந்தது. வக்கீல்களும் அதையே சொல்வார்கள் என்று வால்டெசிருக்குத் தெரிந்தது. ஒன்று ஐம்பது. இந்த ஆள் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஜெயித்துவிடுவார். வாயைத் திறக்க வைக்க வேண்டும். எதனால்? பதினாலு வருஷம் இந்த மாடிகளுக்குப் பொட்டலம் சுமந்தவனுக்கு ஒன்று தெரியும். இவர்களுக்குப் பணம் போனால் வலிக்காது, அது பிறத்தியார் பணம்.

“தலைவி, நான் அப்பவே சொன்னேன்ல, அந்தப் பொண்ணுதான் எழுதியிருக்கும்,” என்றான் வாயில் கறியோடு. “படிச்சவர் எழுதற எழுத்தா இது? ‘ஒரு தேசம் தன் பசியை மீட்டுக்கொள்ளும் ஓசை.’ பசிக்கு ஏதுங்க ஓசை, ஏப்பம்தான் ஓசை. எங்க கூரியர் கம்பெனி காலண்டர்ல இதை விட நல்லா எழுதுவான்.”

“சரியாச் சொன்னே,” என்றாள் இராசெமா, தட்டைப் பார்த்தபடி. “கத்துக்குட்டி எழுத்து.”

டோத்தோர் ஒத்தாவியோவின் தாடி முதலில் அசைந்தது.

“அந்த வாக்கியத்தை மூணு பத்திரிகை எடுத்துப் போட்டிருக்கு,” என்றார். “லிஸ்பன்ல ஒரு பேராசிரியர் மேற்கோள் காட்டிப் பேசியிருக்கார். உங்களுக்கு அது காலண்டரா? அவ குடுத்தது என்ன தெரியுமா? தார்ப்பாய், தட்டு எண்ணிக்கை, மீன். மளிகைச் சீட்டு மாதிரி. அந்த ஒரு பத்திக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போச்சு.”

எவரால்டோ நாப்கினால் வாயைத் துடைத்தார்.

“யாரோட ஞாயிற்றுக்கிழமை, டோத்தோர்?”

வந்தது பதில் இல்லை, சொற்பொழிவு. திந்தோலின் மீது தனக்கு நம்பிக்கை இருந்தது, ஜூலைக் கடிதத்திலேயே பதினோராயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆகஸ்டில் ஒரு ஆய்வாளரின் தார்ப்பாய்க்காகப் பின்வாங்குவது தலைமை ஆகாது, அறிக்கையை மாற்றவில்லை, ஆழப்படுத்தினேன் என்றார். பேசப் பேச எவரால்டோ ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே போனார். அவர் முத்திரை இல்லாமல் எந்தக் கடிதமும் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியாது என்பது ஒத்தாவியோவே எழுதிய விதி. சமையல்காரி மட்டும் ஒன்றும் புரியாமல், ஆறுகிறதே, சாப்பிடு தாவின்யோ என்றாள்.

மூன்றரைக்கு ஜுசாராவை உள்ளே அழைத்தார்கள். எவரால்டோ நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய கடிதத்தைக் கிழித்தாயிற்று, ஆணையத்துக்கு உண்மை தனியாகப் போகிறது என்றார்; புதிய கடிதத்தில் அவள் பெயரே வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். அவளுக்கு அது போதும் என்று நினைத்தார்.

அவள் கழுத்திலிருந்து பார்வையாளர் அட்டையைக் கழற்றினாள்.

“இல்ல. பேரைப் போடுங்க.”

எவரால்டோவுக்குப் புரியவில்லை. ஏன் வம்பு, சகோதரி, என்றார்.

“எல்லாரும் அவங்க பணத்தை என் பேரை நம்பிப் போட்டதாத்தான் நினைச்சிட்டிருக்காங்க. நான் என்ன பாத்தேன்னு அவங்களுக்கு நான்தான் சொல்லணும்.”

அவளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கிரேக்க ஞானியும் ஜெர்மானிய ஞானியும் அழிந்தார்கள். மொத்தம் ஒன்பது வரி. எத்தனை வரிசை மூடியிருந்தது, எத்தனை தட்டு குறைந்தது, அதை யார் மாற்றினார், எவ்வளவு போயிற்று. வால்டெசிர் அவள் தோளுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் தவித்துக்கொண்டு, மூன்று ஐம்பத்தெட்டு, அனுப்பும்மா, அனுப்பு என்றான்.

அவள் அவசரப்படவில்லை. அடியில் இருந்த தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு அனுப்பினாள்.